சரியாக அலசாத துணி

“...டயப்பரே வேணாம்னு துணிக்கு மாறியாச்சு, க்ரீமும் போட்டாச்சு. இன்னும் எதுக்கு அத்தே பிள்ளைக்குத் தொடையிடுக்கு இப்படிச் செவந்து கெடக்கு?” என்றார் மருமகன். காலைத் தொட்டாலே பேரன் வீறிட்டான். அவர் கையிலிருந்த மாற்றுத் துணியை வாங்கினேன். சோப்பு மணம் குப்பென்று அடித்தது. வீட்டில் துவைப்பது மருமகன்தான்.

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. அம்மா கொழுந்து பறிக்கப் போனதும் தம்பியின் துணிகளை அலசுவது என் வேலை. ஓடைத் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும். ஒரே முக்கு, ஒரே பிழி, அடுப்புக்கு மேல் கொடியில் போட்டுவிடுவேன். தம்பியின் தொடை இடுக்கு தோல் உரிந்து ரணமானது. அம்மா பனியைத் திட்டினாள், அடுப்புப் புகையைத் திட்டினாள்.

தம்பியை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே நர்ஸம்மா, நாங்கள் கொண்டுபோன காய்ந்த துணி ஒன்றை வெந்நீரில் போட்டார். நுரை கிளம்பியது.

“சோப்பு அப்படியே இருக்கே, புள்ளைக்கு எரியாதா? யாரு அலசுறது? நல்லா அலசுங்க, புள்ளையைக் கொஞ்ச நேரம் துணி கட்டாம காத்தாடவும் விடுங்க.”

“நாந்தான் அலசுறேன் சிஸ்டர்,” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தேன். “என் தம்பிக்கும் இப்படித்தான் வந்துச்சு மாப்ளே. நாந்தான் துணியைச் சரியா அலசாம விட்டுட்டேன்.”

மருமகன் துணியை முகர்ந்து பார்த்தார். பிள்ளையைத் துணி கட்டாமல் என் மடியில் போட்டுவிட்டு, கொடியில் கிடந்ததையெல்லாம் உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.