என் முழத்துக்குத் தனி விலை

பூவை முழம் போட்டுத்தான் விற்பது. முழங்கை முட்டியில் தொடங்கி நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு முழம். கோலும் கிடையாது, டேப்பும் கிடையாது, விற்கிறவள் கைதான் அளவு. எனக்குக் கை நீளம். எங்கள் பக்கம் கை நீளம் என்று திருடுகிறவர்களைச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே நீளம். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிதில் மாமியார் என் கையைப் பார்த்துவிட்டு, "இவளக் கடையில உக்கார வச்சா கடை காவேரியோட போயிடும்டா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் சிரித்தார். "கூட்டம் வரும்மா, பாரு" என்றார்.

வந்தது. திருச்சியில் இருந்து பஸ் பிடித்துக் கோயிலுக்கு வருகிறவர்கள், வழியில் இருக்கிற பூக்கடைகளை எல்லாம் தாண்டி என்னிடம் வந்து வாங்கினார்கள். நான் யாருக்கும் இரக்கப்பட்டு அதிகமாகக் கொடுத்ததில்லை. என் முழம் அவ்வளவு. அதை மடக்கி அளக்க எனக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

என் மகன் எம்.பி.ஏ. படித்தான். கல்யாணமெல்லாம் ஆன பிறகு, தபாலில் படித்தான். அதில் பிசினஸ் எதிக்ஸ் என்று ஒரு பாடம் வந்தது. வியாபாரத்தில் எது நியாயம், எது அநியாயம் என்று சொல்கிற பாடமாம். அவன் சத்தம் போட்டுப் படிக்கிறவன். நான் கூடத்தில் உட்கார்ந்து வாழை நார் கிழித்துக்கொண்டே கேட்பேன். புரியவில்லை என்றால் தமிழில் சொல்லுவான். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது, அந்தத் தெரியாமையில் சம்பாதிக்கக் கூடாது என்று ஒரு இடம் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதி, அதற்குப் பரீட்சையும் வைக்கிறார்களே என்று இருந்தது. அந்தப் பாடத்தில்தான் அவனுக்கு மற்றதைவிட அதிக மார்க். தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன்.

அவன் அப்பா போன பிறகு கடையை அவன் எடுத்துக்கொண்டான். ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவைத்தான். பெண்கள் சிலர் வந்தார்கள். கட்டத் தெரியுமா, எங்கே வேலை பார்த்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியையும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தான். சிரங்கு கிரங்கு இருக்கிறதா என்று பார்க்கிறான், பூ ஆயிற்றே, நல்லதுதான் என்று நினைத்தேன். முசிறிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு குள்ளமான பெண்ணை எடுத்தான். நல்ல பெண், சிரித்த முகம். அவளை முன்னால் அளக்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு என்னிடம், "முட்டி வலிக்குதுன்னியேம்மா, உள்ள ஃபேனுக்குக் கீழ உக்காந்து கட்டு" என்றான். பெற்ற வயிறு குளிர்ந்துதான் போனது.

காட்டூரில் இருந்து வருகிற டீச்சரம்மா ஒருத்தர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. கடையில் நின்றே பூவைக் கொண்டையில் சுற்றிக்கொண்டுதான் கோயிலுக்குள் போவார். அன்றைக்குச் சுற்றினவர் நின்றார்.

"என்ன பூக்காரம்மா, என் கொண்டை பெருத்துப் போச்சா? எப்பவும் முழுசாச் சுத்தி வரும், இன்னைக்குப் பாதியிலயே நிக்குது."

அந்தப் பெண் சிரித்தாள். "என் கை அவ்வளவுதாங்கக்கா. என்னப் பெத்த அம்மாவைத்தான் கேக்கணும்."

நான் கையில் இருந்த நாரைப் போட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை. விலை மட்டும் என் முழத்துக்கு இருந்த அதே விலை. அவன் எல்லோரையும் கை நீட்டச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சாயங்காலம் கேட்டேன். "ஏன்டா, குட்டைக் கையாப் பாத்துத்தானே ஆள் எடுத்தே?"

"ஆமா. அவ என்ன பொய்யா சொல்றா? அவ முழம் அது. ஜனங்க கண்ணு முன்னாலதானே அளக்குறா?"

"நீ படிச்சது இதுதானா?"

"படிச்சதாலதாம்மா விரலை மடக்கச் சொல்லல."

கடைவீதியில் முன்பு விரலை மடக்கி அளக்கிறவள் ஒருத்தி இருந்தாள். யாராவது பார்த்துவிட்டால் பல்லைக் காட்டுவாள். அந்தப் பல்லில் துளி வெட்கம் இருக்கும். இவன் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் போய் முன்னால் நானே உட்கார்ந்தேன். அவன் பெயின்டரை வைத்து ஒரு பலகை எழுதி மாட்டினான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். சாதா முழம் பழைய விலை. அம்மா முழம் அதைவிடக் கூட.

"இப்ப ஒளிவுமறைவே இல்ல பாரு. வேணுங்கறத அவங்களே கேட்டு வாங்கிக்கலாம். உனக்கும் மரியாதைதானே?" என்றான். என்னைக் குளிர வைத்துவிட்டதாகவே நினைத்திருக்கிறான்.

டீச்சரம்மா வந்து பலகையைப் படித்தார். "அடேங்கப்பா, உங்க கைக்கு ரேட் ஏறிடுச்சா? ஓட்டல்ல ஸ்பெஷல் தோசை மாதிரி ஆயிட்டீங்களே!"

"பழைய விலைக்கு இந்தக் கைதாங்க அளந்துச்சு. இப்ப அதே விலைக்குக் குறைச்சுக் குடுக்குறான். நீங்க அவனைக் கேளுங்க" என்றேன், அவன் காதில் விழும்படியாகவே.

அவர் பலகையைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விடுங்கம்மா, எல்லாக் கடையிலயும் இப்படித்தான். சாதாவே குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நீட்டின கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "கடைக்கு வாம்மா. உன் முழத்தக் கேட்டு ஆள் வராங்க."

"வரேன். ஒண்ணு சொல்லு. ஒரு கடைக்காரன் குட்டைக் கையாத் தேடி ஆள் வச்சு பழைய விலைக்கே விக்கிறான். நல்ல முழத்துக்குத் தனிக் காசு கேக்குறான். இது சரியான்னு உன் பரீட்சையில கேட்டிருந்தா என்ன எழுதியிருப்பே?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "தப்புன்னுதான்" என்றான். ஏன் தப்பு என்றும் சொன்னான். வாங்குகிறவர்களின் நம்பிக்கை, பழைய அளவை நினைத்து வருகிறவர்கள், அந்தப் பெண்ணையும் அதற்கு உடந்தையாக்குவது. நான் நினைக்காததுகூட அதில் இருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அது பரீட்சைம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கையில் இருந்த காபியைத் தொட்டியில் ஊற்றினேன்.

அந்தப் படிப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். படிக்காதவன் செய்திருந்தால் பாவம், தெரியாமல் செய்தான் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். அந்த வழியையும் அந்தப் பாடம் எனக்கு அடைத்துவிட்டது. அந்த அளவுக்கு நல்ல பாடம்தான் அது.

நான் கடைக்குப் போவதில்லை. பலகையை அவன் கழற்றவில்லை. அம்மா முழத்துக்கென்று இப்போது கொஞ்சம் நீளக் கைக்காரி ஒருத்தியை வைத்திருக்கிறானாம். அவள் கை என் அளவுக்கு வராது என்று பார்த்தவர்கள் வந்து சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.