மென்று உண்ட களி

1964 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. தேர்வுப் பாடத்தில் கண்ணை வைத்தபடி கேழ்வரகுக் களியை விழுங்கிக்கொண்டிருந்தேன். திடீரென வீடு குலுங்கியது. அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் எங்கள் தங்கவயல் வீடுகள் இப்படித்தான் குலுங்கும். அப்பா காலை ஷிப்டில் கீழே இருந்தார்.

கையைக்கூடக் கழுவாமல் அம்மாவும் நானும் சுரங்க வாசலுக்கு ஓடினோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் இறங்குபவர்களின் முகங்களைத் தேடினோம். வெகுநேரம் கழித்து, புழுதி படிந்த முகத்தோடு, காயமின்றி அப்பா இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆறிய களியையே கேட்டு வாங்கி, நிதானமாக மென்று உண்டார். களியை நாங்கள் மெல்வதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம்.

“இன்னாங்க, களியப் போயி மென்னுக்கினு கீறீங்க? புதுசா பல்லு மொளச்சுதா?” என்றார் அம்மா.

“இதுல ஒரு வாய் இனிமே கெடைக்குமான்னு கீழ நெனச்சேன். சட்டுனு முழுங்க மனசு வர்ல.”

நானும் ஒரு வாய் மென்றேன். கேழ்வரகில் மெல்லிய இனிப்பு இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

மறுநாள் விடியற்காலையில், ஷிப்டுக்குப் புறப்படவிருந்த அப்பாவுக்கு நானே களி கிண்டினேன். எதிரில் அமர்ந்து, அவர் உண்டு முடிக்கும்வரை நானும் மென்று உண்டேன்.