வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடம்

ஞானேஸ்வரியின் பேனை பட்டால்தான் செத்தவர் செத்தவர் ஆவார் என்று ஒட்டுசுட்டானில் ஒரு பகிடி உண்டு. அவள் அந்தப் பிரிவின் பிறப்பு, இறப்புப் பதிவாளர். 2011 ஆவணியில் நியமனம் கிடைத்தது. 1977 கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம் அது. தாய் மீனம்மாவின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு மூன்று வயது. அந்தக் குடும்பத்தில் அரசாங்க முத்திரையைப் பிடித்த முதல் கை அவளுடையது. நியமனக் கடிதம் வந்த அன்று, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அவளுடைய அண்ணன் சங்கிலி, மல்லாவிச் சந்தையில் இரண்டு கிலோ கற்கண்டு வாங்கித் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தான்.

வீட்டின் முன்னறைதான் கந்தோர். ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி. அவளுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பதிவிலும் மைக்கறை கிடையாது, வெட்டித் திருத்தியதும் கிடையாது. கல்யாணம் பேசும் வயதெல்லாம் இடம்பெயர்வில் போயிற்று. தாயும் தகப்பனும் போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்தி. பகலில் ஆட்கள் வருவார்கள். அழுது முடித்த முகத்தோடு வந்து, விவரம் சொல்லி, கையெழுத்து வைத்து, தாளை வாங்கிக்கொண்டு போவார்கள். சாப்பிட்டாச்சோ என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. செத்தவீட்டுக்காரரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் காரணத்தை வைத்தியர் எழுதிக் கொடுப்பார். வீட்டில் இறந்தால் கிராம அலுவலரான விதானையாரின் அறிக்கை வரும். வீட்டுக்காரர் சொன்னதை விதானையார் எழுதுவார், விதானையார் எழுதியதை ஞானேஸ்வரி பதிவாள். முதுமை. இரத்தசோகை. மூலம். உடல் மெலிவு. காரணத்துக்கான கட்டம் சின்னது. இந்தச் சொற்கள் அதற்குள் அளவாக அடங்கும்.

2023 ஐப்பசியில் பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். விதானைமாரும் பதிவாளர்களும் வரவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு பெண் வைத்தியர் வந்திருந்தார். சுவரில் இலங்கை வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். பெருங்குடல் புற்றுநோயால் எந்த மாவட்டத்தில் எவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்பதை நிறத்தால் காட்டும் படம். கொழும்புப் பக்கம் கடுஞ்சிவப்பாக இருந்தது. மேலே வர வர நிறம் வெளுத்தது. வன்னி கிட்டத்தட்ட வெள்ளை.

நல்லதம்பி விதானையார் முதல் வரிசையில் இருந்தார். எழும்பி நின்று சொன்னார்: "எங்கட சனம் குரக்கன் புட்டும் முசுட்டைக் கீரையும் திண்ட சனம், டொக்டர். குடல் இரும்பு."

மண்டபம் சிரித்தது. வைத்தியரும் சிரித்தார்.

"இரும்பெண்டா சந்தோசம், ஐயா. ஆனா ஒண்டு கேக்கிறன். கொழும்பில ஆள் ஆஸ்பத்திரியில சாகுது, வருத்தத்தின்ர பேரை டொக்டர் எழுதுறார். இங்க ஆள் வீட்டில சாகுது. பேரை ஆர் எழுதுறது?"

விதானையார் இருந்துவிட்டார். மண்டபத்தில் ஆறு பதிவாளர்கள் இருந்தார்கள். ஆறு பேரும் குனிந்து தங்கள் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

வைத்தியர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வெள்ளை என்றால் வருத்தம் இல்லை என்றும் இருக்கலாம், எழுதப்படவில்லை என்றும் இருக்கலாம் என்றார். மலத்தோடு இரத்தம் போவதை இந்தப் பக்கத்தில் சூடு என்பார்கள், மூலம் என்பார்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், நல்லெண்ணெய் வைத்து முழுகுவார்கள், அப்படியே ஒரு வருடம் போய்விடும் என்றார். தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளும் காட்டவேண்டும் என்று கடைசியில் சொன்னார்.

வெந்தயம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து ஞானேஸ்வரியின் காதில் வேறொன்றும் ஏறவில்லை. அவளுக்குப் பங்குனி முதலாம் திகதியிலிருந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதம். கதிரையில் இருந்து இருந்து வந்த மூலம் என்று தனக்குத்தானே சொல்லி, ஒவ்வொரு காலையும் வெந்தயத் தண்ணீர் குடித்துவந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து இறப்புப் பதிவுகளை எடுத்தாள். பதிவேட்டில் அவள் ஒரு புள்ளியும் வைக்கமாட்டாள். பக்கத்தில் ஒரு பழைய கொப்பியை வைத்து, வீட்டில் நடந்த சாவுகளை அதில் இலக்கமிட்டுக் குறித்தாள். நூற்றெண்பத்தெட்டு. அதில் சந்தேகத்துக்கு இடமானவை முப்பத்தொன்று. எது எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆட்கள் சாம்பலாகிவிட்டார்கள். மிஞ்சியது அவளுடைய முத்தெழுத்து மட்டும்.

பத்தொன்பதாவது பதிவு மீனம்மா. 2014, வைகாசி. தகவல் தந்தவர் சங்கிலி, மகன். காரணம் முதுமை. வயது அறுபத்தொன்று.

அறுபத்தொரு வயதுக்கு முதுமை என்று தானே எழுதியதை அவள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆறு மாதம் தாயின் உடுப்பைத் தோய்த்தவள் அவள்தான். தண்ணீர் சிவந்ததும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், விதானையாரின் தாளில் இருந்ததை அப்படியே இறக்கி எழுதினாள்.

அடுத்த கிழமை உள்ளூர் வைத்தியரிடம் போனாள். அவர் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதற்கு மார்கழி பன்னிரண்டாம் திகதி கிடைத்தது. கிளினிக்கில் இருந்த தாதி மருந்துப் பைக்கற்றைக் கையில் தந்து, ஒவ்வொன்றாகச் சொன்னா.

"அதுக்கு முதல் நாள் முழுக்க இதைக் கரைச்சுக் கரைச்சுக் குடிக்கோணும். குடல் கழுவுப்பட்டுத் தெளிஞ்ச தண்ணியாப் போகோணும். எங்க இருந்து வாறீங்கள்?"

"ஒட்டுசுட்டான்."

"ஐயோ, இதைக் குடிச்சிட்டு அங்க இருந்து பஸ்ஸில ஏறிடாதேங்கோ அம்மா. நெடுங்கேணி தாண்டமாட்டீங்கள். இங்க ரவுணுக்குள்ள ஆற்றையும் வீட்டில நில்லுங்கோ. மயக்க மருந்து தாறபடியா துணைக்கு ஒராள் கட்டாயம் வரோணும். ஆள் இல்லையெண்டா செய்யமாட்டினம்."

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலமும் அவள் இதையே யோசித்தாள். ஒரு நாளுக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். ஒரு காலைக்கு ஒரு ஆள் வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் யாரிடம் கேட்பது?

சங்கிலிக்கு அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். வயல் எப்படி என்று கேட்டாள். நல்ல கதிர் வரும்போல என்றான். அண்ணியின் முழங்கால் நோவைக் கேட்டாள். மழையைப் பற்றிக் கதைத்தார்கள். மலவாசல் வருத்தத்தை ஆம்பிளைச் சகோதரத்திடம் எந்தச் சொல்லால் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றது, தங்கச்சி பதிவாளர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன். அவனுக்கு முன்னால் உடைந்துபோய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. "சரி அண்ணை, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் எழுதிய பெயர்கள் ஆயிரத்துக்கு மேல். உரிமையோடு உதவி கேட்க அதில் ஒரு பெயரும் இல்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மார்கழி பிறந்தது. திகதியைத் தள்ளிப் போடலாமா என்றுகூட யோசித்தாள். அந்த யோசனையோடு கொப்பியைப் புரட்டியபோது யோகலிங்கத்தின் பெயர் கண்ணில் பட்டது.

யோகலிங்கம் முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்தவர். யாழ்ப்பாணத்து ஆள். மூன்று வருடத்துக்கு முன்னர் வீட்டில் இறந்தார். மனைவி விமலேஸ்வரி பிறகு வவுனியாவில் மகள் பிரியந்தினி வீட்டோடு போய்விட்டா. பதிவுக்கு வந்த அன்று அவா மேசைக்கு முன்னால் நின்று வாதாடியது ஞானேஸ்வரிக்கு மறக்கவில்லை. அதனாலேயே இந்த மனிசியிடம் கேட்பது எல்லாவற்றிலும் கடினம். வேறு வழியும் இல்லை. எடுத்தாள்.

"ஆர், பதிவாளர் தங்கச்சியோ? என்ன, இவற்ற பதிவில ஏதும் பிழையோ?"

"இல்லை அக்கா. ஒரு உதவிக்குத்தான்."

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது.

"அண்டைக்கு நான் என்ன சொன்னனான் எண்டு ஞாபகமிருக்கோ?" என்று விமலேஸ்வரி கேட்டா.

"ஓம் அக்கா. இது மூலமில்லை, மூலம் எண்டு எழுதாதேங்கோ எண்டு சொன்னீங்கள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"விதானையார் எழுதினதைத்தான் எழுதலாம் எண்டு சொன்னனான்."

"இப்ப உங்கட உடம்பில வந்தவுடன மூலமில்லை எண்டு விளங்குது, என்ன."

ஞானேஸ்வரி வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"முதல் நாள் வெள்ளெனவே வாங்கோ" என்றா விமலேஸ்வரி. "எங்கட வீட்டில கக்கூஸ் உள்ளுக்கதான். ரெண்டு இருக்கு. மகள் வீடு கட்டேக்க எதுக்கடி ரெண்டெண்டு நான்தான் சண்டை பிடிச்சனான்."

பதினோராம் திகதி காலை எட்டரைக்கு ஞானேஸ்வரி அந்த வீட்டுக்குப் போனாள். பிரியந்தினி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பெண்களும், கரைத்து வைத்த மருந்தோடு ஒரு பெரிய போத்தலும். உப்பும் புளிப்புமான தண்ணீர். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை. பத்து மணிக்குப் பிறகு அவளால் கதிரையில் இருக்க முடியவில்லை.

கதவுக்கு வெளியே நின்று விமலேஸ்வரி கேட்டா: "தங்கச்சி, உயிரோட இருக்கிறியளோ?"

"இருக்கிறன் அக்கா."

"எழுதுற ஆளே போய்ச் சேந்தா பேந்து ஆரைப் பிடிக்கிறது. இன்னும் எத்தினை கோப்பை?"

"அஞ்சு."

"இவருக்கு உந்த மருந்தைக் குடுத்திருந்தா கோப்பையோட முற்றத்தில எறிஞ்சிருப்பார்."

உள்ளே இருந்தபடி ஞானேஸ்வரி சிரித்தாள். எப்போது கடைசியாகச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மத்தியானம் ஓய்ந்தபின், விமலேஸ்வரி பக்கத்தில் வந்து இருந்தா. முகத்தைப் பார்க்காமல், சேலைத் தலைப்பை மடித்தபடி கேட்டா.

"அந்தப் பதிவை மாத்தேலாதோ?"

இதைத்தான் ஞானேஸ்வரி காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். பொய் சொன்னால் நாளைக்குத் துணை நிச்சயம். பார்க்கலாம் அக்கா என்று ஒரு வார்த்தை போதும்.

"மாத்திறதுக்கு டொக்டர் எழுதின துண்டு ஏதும் வேணும், அக்கா. உங்களிட்ட ஒண்டும் இல்லை. மாத்தேலாது."

விமலேஸ்வரி எழும்பி உள்ளே போனா. அன்று பின்னேரம் முழுதும் அவா வேறொன்றும் கதைக்கவில்லை. ஞானேஸ்வரி வெறும் வயிற்றோடு அந்நிய வீட்டுக் கட்டிலில் படுத்து, யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் தனியாகப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த திகதி எப்போது கிடைக்குமோ தெரியாது.

காலை ஆறு மணிக்கு அவள் முகம் கழுவி வந்தபோது, விமலேஸ்வரி சேலை கட்டி, கையில் குடையோடு வாசலில் நின்றா.

"என்ன பாக்கிறியள்? ஓட்டோ வந்திட்டுது."

ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய தாதி கேட்டா: "இவா உங்களுக்கு என்ன முறை?"

ஞானேஸ்வரி வாய் திறக்குமுன் விமலேஸ்வரி சொன்னா: "அக்கா எண்டு போடுங்கோ."

உண்மையில்லாத ஒரு விவரம் படிவத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஞானேஸ்வரி பேசாமல் இருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அது முதல் தடவை.

உள்ளே ஒரு கட்டி இருந்தது. சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பஸ் நிலையத்தில் விமலேஸ்வரி அவளை ஏற்றிவிட்டு, சன்னலுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றா. இனி வாங்கோ என்றும் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ் வெளிக்கிட முன்னரே குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டா.

முடிவு தை பதினெட்டாம் திகதி வந்தது. அன்று துணை தேவையில்லை என்பதால் தனியாகப் போனாள். வைத்தியர் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"பெருங்குடலில கான்சர்தான், அம்மா. ஆனா வெளியில பரவேல்லைப் போல இருக்கு. ஸ்கான் எடுத்துப் பாப்பம். யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தாறன், வெட்டி எடுக்கலாம். இன்னும் ஒரு வருசம் பிந்தியிருந்தா வேற கதை கதைச்சிருப்பன். கூடப் பிறந்த ஆக்கள் இருக்கினமோ?"

"ஒரு அண்ணை."

"வயது?"

"அம்பத்திரண்டு."

"அவரும் கட்டாயம் பாக்கோணும். சொல்லுங்கோ."

வருத்தத்தின் பெயரை அட்டையில் முழுதாக, விளங்கும் எழுத்தில் எழுதித் தரும்படி அவள் கேட்டாள். வைத்தியர் எழுதினார். அதை வாசித்துச் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்து வாங்கில் வந்து இருந்தாள். பக்கத்தில் கச்சான் விற்கிறவன் கூவிக்கொண்டிருந்தான். ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. தன்னுடைய விஷயம் மட்டும் என்றால் அவள் இந்த முறையும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்திருப்பாள். இப்போது அப்படி வைக்க முடியாது.

சங்கிலி எடுத்தபோது லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நெல்லு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறான் போலிருந்தது.

"அண்ணை, எனக்குக் குடலில கான்சர். வெட்டச் சொல்லுகினம். யாழ்ப்பாணத்துக்குத் துணைக்கு ஒராள் வேணும். நீங்களும் ஒருக்காக் காட்டோணும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இயந்திரம் நின்றது.

"அம்மாவுக்கும் இதோ?" என்றான்.

"இருக்கும், அண்ணை. நான்தான் முதுமை எண்டு எழுதினனான்."

"நீ எங்க எழுதினனீ. விதானையாரிட்ட சொன்னது நான்." பிறகு கேட்டான்: "எத்தினை நாளா உனக்கு?"

"பத்து மாசம்."

"பத்து மாசமா? மழை எப்பிடி, அண்ணியின்ர கால் எப்பிடி எண்டு கேட்டனியே. நான் இறங்கி வரம்பில இருந்திட்டன். முதல் நாளில இருந்து சொல்லு."

ஞானேஸ்வரி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பங்குனி முதலாம் திகதி காலையிலிருந்து, ஒன்றையும் விடாமல், சொல்லத் தொடங்கினாள்.