நாலாம் பக்கம், ஏழாவது வரி

சூளகிரி கியர் கம்பெனியில் கோவிந்தப்பன் ஒவ்வொரு கியரையும் சின்னக் கம்பியால் தட்டிக் காதால் பார்ப்பார். ‘டங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல்; ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். பதினெட்டு வருஷமாக அதே மேசை. யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். சாப்பாடு பன்னிரண்டு நாற்பதுக்கு. நாற்பத்தொன்று ஆகிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே கிடையாது.

2007-ல் பெங்களூரிலிருந்து லாவண்யா என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். எல்லார் மூளையும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. வேலை செய்யும்போது யாருக்கு எப்படி ஓடுகிறது என்று, ஒயர் வைத்த தொப்பியை மாட்டிப் பதிவு செய்யப்போகிறாராம். நோட்டீஸில் ‘நரம்பியல் ஆய்வு’ என்று இருந்தது. கேன்டீனில் ‘நரம்பு’ மட்டும் பரவியது.

“ஏண்ணா, நரம்புத் தளர்ச்சின்னா நாமதான லாட்ஜுக்குப் போவணும்? டாக்டரே கம்பெனிக்கு வராங்களா?” என்றான் முனிவேல்.

“லாட்ஜுல தொப்பி குடுக்கமாட்டாங்க” என்றார் கோவிந்தப்பன். அவர் ஜோக் அடிக்கவில்லை.

மேனேஜர் பூபதி எல்லார் காதிலும் விழவே சொல்லியிருந்தார்: பதிவில் கோடு ஆடாதவன் மேசையில், ஆடுகிறவன் பேக்கிங்கில். பேக்கிங்கில் நாள் முழுக்க டேப் கிழியும் சத்தம். அங்கே பத்து நிமிஷம் நின்றால் கோவிந்தப்பனுக்கு வாந்தி வரும்.

சம்மதப் படிவம் தமிழில் நாலு பக்கம். இருபத்தாறு பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். கோவிந்தப்பன் கம்பியை எடுத்து வரிவரியாகத் தட்டிக்கொண்டே படித்தார். முக்கால் மணி நேரம்.

“நாலாம் பக்கம், ஏழாவது வரி டொக்கு மேடம்.”

‘பதிவுகள் பணி ஒதுக்கீட்டுக்காக நிர்வாகத்திடம் தரப்படும்.’

லாவண்யா தன் இங்கிலீஷ் படிவத்தைப் புரட்டினார். அதில் அந்த வரியே இல்லை. தமிழில் எழுதித் தந்தது மேனேஜர் ஆபீஸ்.

“ஒரு வரிதானப்பா?” என்றார் பூபதி.

“ஒரு விரிசல்தான் சார்.”

“இந்த வரி இருந்தா நான் ஒருத்தர் தலையையும் தொடமாட்டேன் சார்” என்றார் லாவண்யா. வரி போனது. இருபத்தாறு பேரும் கோவிந்தப்பனைத் திட்டிக்கொண்டே மறுபடி கையெழுத்துப் போட்டார்கள்.

கோவிந்தப்பன் தலை நிறைய விளக்கெண்ணெய், ஒயர் ஒட்டவில்லை. குழாயடியில் ஷாம்பு போட்டு வந்து, தொப்பியோடு தட்டத் தொடங்கினார். பன்னிரண்டு நாற்பதுக்குத் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

“அண்ணா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு! ஏன் எழுந்துட்டீங்க?” என்றார் லாவண்யா.

“ரெண்டாம் பக்கம், மூணாவது வரி. எப்ப வேணா எழுந்து போவலாம், காரணம் சொல்ல வேணாம்னு போட்டிருக்கு. அது டங்கு.”

அதற்குப் பிறகு உயிரோடு இருந்த இரண்டு வருஷமும் அதே மேசைதான்.

பதிவின் நகல் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் மகள் மாதேஸ்வரி பிரித்துப் பார்த்தாள். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், வாசிக்கத் தெரியும். கோடு நன்றாகவே ஆடியிருக்கிறது. அதில் பாதி, கண் சிமிட்டியதால் வந்த ஆட்டம். 12.40-ல் கோடு நின்றுவிடுகிறது. காரணம் சொல்லவில்லை.