பாத்துகினு இருக்கேன்

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. அதை ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அந்தத் தண்ணீரையும் மண்ணையும் கணினிக்குள் கொண்டுவர நானும் என்னோடு படித்த அவளும் ஒரு மென்பொருள் எழுதினோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தோம். நீரின் அழுத்தத்தைக் கணக்கிடுவது என் பகுதி. அந்த அழுத்தத்தில் சுரங்கத்தின் மண்கரை நிற்குமா, சரியுமா என்று பார்ப்பது அவள் பகுதி.

ஒவ்வொரு படியிலும் என் பகுதி எண்களைத் தரும்வரை அவள் பகுதி காத்திருக்க வேண்டும். அப்போது திரையில் ஏதாவது ஒரு வரி தெரியட்டும் என்றேன். அவள் பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பத்துக்காரி. நான் சுரங்க ஊழியர்களின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எல்லா மாவட்டமும் கலந்து உப்புச்சப்பற்றுப்போன என் தமிழை வைத்துக்கொண்டு அவள் பேச்சைக் கேலி செய்வேன். பதிலுக்கு அவள் எழுதிய வரி, 'பாத்துகினு இருக்கேன்'. எத்தனை நேரமானாலும் அதையே காட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு மாசி மாத வியாழக்கிழமை வெளிநாட்டு வேலைக்குப் போனாள். வெளியில் நிரல் எழுதக்கூடாது என்பது புது வேலையின் ஒப்பந்தம். அவள் பகுதியை நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. வருவாள் என்றிருந்தேன்.

இந்த ஐப்பசியில், முன்பின் அறியாத ஒருவர் திருத்தம் அனுப்பினார். அந்த வரி அவருக்குப் புரியவில்லையாம், ஆங்கிலத்தில் மாற்றியிருந்தார். கூடவே, பத்து நிமிடத்துக்குள் எண்கள் வராவிட்டால் காத்திருப்பதை விட்டு நிரல் நின்றுவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சேர்க்க மனமில்லாமல், உன் வரியாயிற்றே, என்ன செய்யட்டும் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

"நல்லாதான் எழுதிக்கிறாரு. சேத்துடு. எம்மா நேரந்தான் பாத்துகினு இருக்கறது?"

சிரிப்புக் குறி ஏதும் இல்லை. மென்பொருளைத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அன்றே சேர்த்தேன். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் ஒரு முழு நாளாக்கினேன். ஏன் இத்தனை நேரம் என்று திருத்தம் அனுப்பியவர் கேட்டார். பெரிய கணக்குகளில் நீர்ப்பகுதி பதில் சொல்லத் தாமதமாகும் என்று எழுதினேன்.