தொடர்ச்சியான எட்டு ஆண்டுகள்

பம்ப் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர். இருபத்து நான்கு வயதில் சோதனைக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து, அதிர்வை அளக்கும் கருவி கையில் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. ஓடுகிற பம்பின் மேல் கருவியின் முனையை வைத்து, "உள்பக்கத்து பேரிங் போயிடுச்சு, கழட்டிப் பாருங்க" என்பாள். கழற்றினால் போயிருக்கும். பம்பை வெளியே அனுப்புமுன் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று நாற்பது பக்கத்தில் ஒரு செய்முறையும் எழுதிக் கொடுத்தாள். பழுதாகித் திரும்பி வரும் பம்புகள் பாதியாகக் குறைந்தன.

ஆறு வருடம் கழித்து மகள் பிறந்தாள், ஏழாம் மாதத்திலேயே. நுரையீரல் முழுதாக வளரவில்லை. வீட்டுப் படுக்கையறையில் ஆக்சிஜன் இயந்திரம் வைக்க வேண்டியிருந்தது. கணவர் பள்ளி ஆசிரியர். "யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்" என்றார். அந்த யாராவது யார் என்பதை அவர்கள் பேசிக்கொள்ளவேயில்லை. அவள் சம்பளமில்லா விடுப்பு கேட்டாள். முறையாகக் கையெழுத்தாகி நான்கு வருடம் கிடைத்தது.

திரும்பி வந்ததும் மூன்று மாதப் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். "நீண்ட விடுப்பில் போனவர்களுக்கு இது கட்டாயம்" என்றது சுற்றறிக்கை. பயிற்சி கொடுத்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவன் சத்தமாக வாசித்தது அவளுடைய அதே நாற்பது பக்கத்தை. முதல் தாளில் அவள் பெயர் போய், 'தயாரிப்பு: சோதனைப் பிரிவு' என்று வந்திருந்தது. இருபத்திரண்டாம் பக்கத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"இந்த அளவு தப்பு. நாலு புள்ளி அஞ்சுன்னு இருக்கணும். அஞ்சு புள்ளி நாலுன்னு இருக்கு."

"அக்கா, கேள்வியெல்லாம் கடைசில கேளுங்க."

"இது கேள்வி இல்லப்பா."

மறுநாள் திருத்தினார்கள். கண்டுபிடித்தது யார் என்று எங்கும் எழுதவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினாள். தலைமைப் பொறியாளர் பதவிக்குப் பட்டியல் வந்தது. அதில் இருந்தது ஒரே பெயர், விடுப்புக்கு முன் அவளிடம் வேலை பழகிய ஜூனியருடையது. அவனுக்குக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அவள் விடுப்பில் இருந்தபோது அவனும் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, மூன்று வருடம் மேல்படிப்புக்கு வெளிநாடு போய் வந்திருந்தான்.

அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், என் பேரு இல்லையே?"

"தொடர்ச்சியா எட்டு வருஷம் வேணும்மா. உங்களுக்கு ரெண்டுதான் ஆகுது."

"முன்னாடி செஞ்ச ஆறு?"

"நடுவுல விட்டுப்போச்சே."

"அவனுக்கும் மூணு வருஷம் விட்டுப்போச்சு. அதையும் சேர்த்துத்தானே எட்டு வருது? உண்மையா வேலை பார்த்தது அவன் அஞ்சு வருஷம், நான் எட்டு."

"அது படிப்பும்மா. ஏதோ கத்துக்கிட்டு வந்தாரு. நீங்க..." மேலாளர் முடிக்காமல் பேனாவை மூடினார்.

"நான் என்ன சார், தூங்கிட்டா இருந்தேன்? நாலு வருஷம் ராத்திரி பகலா ஒரு மிஷினை ஓட்டினேன். நின்னா உயிர் போற மிஷின்."

"எனக்குப் புரியுது. ஆனா ரூல் இருக்கே. என் கையில ஒண்ணும் இல்ல."

சாயங்காலம் ஜூனியர் அவள் மேசைக்கு வந்தான். "எனக்கே சங்கடமா இருக்குக்கா."

"அதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடு. என் மனுவோட வெக்கிறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். பார்க்கலாம்க்கா என்று போனவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அவள் மனு எழுதினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினாள். அதே பதில், தேதி மட்டும் வேறு. வீட்டில் கணவர், "விட்டுடேன், எதுக்கு வீணா டென்ஷன்?" என்றார்.

"உங்களைத் தாண்டி வேற ஒருத்தரை ஹெட்மாஸ்டரா போட்டப்போ ஒரு மாசம் சரியா சாப்பிடல நீங்க. அன்னைக்கு நான் விட்டுடுங்கன்னு சொன்னேனா?"

அவர் அடுத்த மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "இந்த வரி கொஞ்சம் காட்டமா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்."

பதினோரு மாதம் இழுத்தடித்த பிறகு விதி மாறியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் விடுப்பும் இனிப் பணிக்காலத்தில் சேரும். ஆனால் அன்று முதல் எடுக்கப்படும் விடுப்புக்கு மட்டும். அவளுடைய மனு முடித்துவைக்கப்பட்டது. வடிவமைப்புப் பிரிவில் ஆறு மாத வயிற்றோடு இருந்த பெண் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதான்க்கா!" மீட்டரம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

திரும்பி வந்து எட்டு வருடம் முடிந்து அவள் தலைமைப் பொறியாளரானபோது வயது நாற்பத்திரண்டு. உத்தரவில் கையெழுத்துப் போட்டவன் ஜூனியர். அப்போது அவன் துணை மேலாளர்.

பன்னிரண்டு வயது மகள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"அவங்களுக்கு எண்ணத் தெரியலடி" என்று சொல்லிவிட்டு, அவள் செருப்பைக் கழற்றினாள்.