முட்டி கிழியாத பேண்ட்

ஆல்டர் செய்ய வந்த பேண்ட் கையில் விழுந்ததும் கொளஞ்சியப்பன் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் கவிழ்த்து உதறுவார். என்ன வேலை, எப்போது வேண்டும் என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு ஐந்தாம் வகுப்புப் பையனின் பையில் கிடந்த கூழாங்கல்லில் மெஷின் ஊசி மோதி உடைந்து, அதன் முனை அவர் புருவத்துக்கு மேல் வந்து குத்தியது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். "பை உள்ளார இன்னா இருக்குதுன்னு பாக்காம மெஷின்ல வெக்கறவன் டைலரே இல்ல" என்பது அன்று முதல் அவருடைய கட்சி.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் எட்டுக்குப் பத்து அடியில் கடை. இரண்டு பவர் மெஷின், ஒரு வெட்டு மேசை, எப்போதும் சூடாக இருக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டி. ஜூன் மாதம் வந்தால் ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் வெட்டிய துணியில்தான் பள்ளிக்கூடம் போவார்கள். வயது நாற்பத்திரண்டு. ஒல்லி உடம்பு. கழுத்தில் தொங்கும் டேப்பை அவர் கழற்றுவது குளிக்கும்போது மட்டும்தான். மைத்துனன் கல்யாண ஆல்பத்தில் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மேலே டேப் சகிதமாக நிற்கிறார். கேட்டால், "அது என் பூணூல்" என்று சிரிப்பார்.

ஆளின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. துணி ஞாபகம் இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தாலும் போகிறவர் வருகிறவரின் காலைத்தான் பார்ப்பார். வலது கணுக்கால் மடிப்பு கருகியிருந்தால் பைக்கின் சைலன்ஸர் சுட்டது. முழங்கைப் பக்கம் சட்டை பளபளவென்று தேய்ந்திருந்தால் மேசையில் சாய்ந்து தூங்குகிற உத்தியோகம். "மனுசன் பொய் சொல்லுவான். தேஞ்ச துணி பொய் சொல்லாது" என்று எதிரில் இருப்பவரின் காலரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அந்த ஆள் அவசரமாகக் காலரை மடித்துவிட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தில் ஏழு வருஷமாக ஏமாந்துகொண்டிருந்தார் என்றால் நம்ப முடிகிறதா?

ஏழு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடப் பேண்ட்டுகளுக்கு இரட்டைத் தையல் போடும் வழக்கத்தை அவர் ஆரம்பித்தார். நூல் கொஞ்சம் கூடுதல், நேரமும் கூடுதல். ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகளின் பேண்ட் எதுவும் முட்டி கிழிந்து திரும்பி வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. பைகளை உதறினாலும் கல்லில்லை, கொட்டையில்லை. மடித்த காகிதக் கைக்குட்டை விழும், அவ்வளவுதான். டவுனுக்குள் இருக்கும் தனியார் பள்ளித் தாய்மார்களிடம் அவர் மார்தட்டிக்கொண்டார். "எல்லாம் டபுள் தையலுங்க. புள்ள வளந்து பேண்ட் பத்தாம பூடும், ஆனா முட்டி மட்டும் கிழியாது."

அத்தாட்சி வேண்டுமென்று கடை வாசலிலேயே ஒரு டிராக் பேண்ட்டை மாட்டியிருந்தார். அவருடைய ஒரே மகள் தமிழ்மொழி, மூன்றாம் வகுப்பில் விளையாட்டுப் பீரியடுக்கு ஒரு வருஷம் முழுக்கப் போட்டது. புதுசு கெட்டது போங்கள். வருகிறவர்கள் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டுவார்கள். தமிழ்மொழி அதற்குக் கீழேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். நாலரை மணிக்குப் பள்ளி வேன் கடை வாசலில் இறக்கிவிடும். எட்டு மணிக்குக் கடை சாத்தும்வரை அந்த நாற்காலிதான். "மண்ணுல காலே வெக்க மாட்டா. தங்கம்" என்பார் அப்பா.

பிள்ளைகளின் துணி வேறு வேலைக்கு வராமல் இல்லை. இடுப்பைப் பிரித்து விடச் சொல்லி வரும். உட்காரும் இடம் நைந்து வரும். உயரத்துக்கென்று அவர் உள்ளே மடித்து விட்டிருந்த இரண்டு அங்குலம் அப்படியே கிடக்க, இடுப்புதான் பருவத்துக்கு ஒரு தடவை பெருத்துக்கொண்டிருந்தது. துணியைப் பார்த்து ஆளைச் சொல்கிற அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் இத்தனையும் வந்து போயின. "எல்லாம் நல்லா சாப்புடுதுங்க. வசதி ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று சொல்லி அடுத்த பேண்ட்டை எடுத்துக்கொள்வார்.

போன செப்டம்பரில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு, யாரோ ஒரு நல்ல மனிதர் கொடுத்த பணத்தில், ஜூனில் அவர் நாற்பது பேண்ட் தைத்திருந்தார். அந்தப் பள்ளி ஆசிரியை தேவிப்ரியா முதல்நாளே போனில் சொல்லிவிட்டாள்.

"டைலரண்ணா, பேண்டெல்லாம் முட்டி கிழிஞ்சிடுச்சு. ஒட்டுப் போட்டுக் குடுக்கணும். பஸ்ல வெச்சு அனுப்பறேன்."

"இன்னாம்மா சொல்றீங்க? மூணு மாசம்கூட ஆவலியே. என் தையல் கிழியாதும்மா."

"தையல் கிழியலண்ணா. துணிதான் கிழிஞ்சிடுச்சு."

மூட்டையைப் பிரித்து மேசையில் பரப்பினார். முப்பத்தெட்டு பேண்ட்டுகளில் முட்டி இல்லை. செம்மண் ஏறி, நூல் நூலாகத் தொங்கியது. இரட்டைத் தையல் மட்டும் இரண்டு பக்கமும் விறைப்பாக நின்றது. பைகளை உதறினால் நெல்லிக்கொட்டை, இறகு, ஓணான் முட்டை ஓடு, கால் உதைத்துக்கொண்டிருந்த ஒரு பொன்வண்டு. மேசையெல்லாம் குப்பை. டவுன் பள்ளிகளுக்கு வாங்கும் அதே கடைத் துணி, அதே நூல், அதே கை. பிறகு எப்படி? தொழிலில் கைவைத்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். நேரில் பார்த்தே தீர்வது என்று முடிவு செய்தார். இரண்டாம் சனிக்கிழமை. மனைவி ஜீவா ரிஷிவந்தியத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற போனில் சிக்னல் போயிற்று. தமிழ்மொழி முதல் தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். அடுத்த வளைவிலேயே வாந்தி எடுத்தாள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு சரிவு. சின்னப் பிள்ளை, பெரிய பிள்ளை எல்லாம் மேலே ஏறி, முட்டியை மடித்து, செம்மண்ணில் சர்ரென்று சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று பலா மரத்து வேரைப் பிடித்துத் தொங்கியது. ஒன்று புரண்டு உருண்டு வந்து விழுந்து, எழுந்து, கையைத் தொடையில் தட்டிக்கொண்டு மறுபடியும் ஏறியது. கொளஞ்சியப்பன் ஒவ்வொரு முட்டியாகப் பார்த்தார்.

"துணி மேல தப்பில்லண்ணா" என்றாள் தேவிப்ரியா. திருநாவலூர்க்காரி. மலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. "திட்டிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குதுங்க."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வேறொரு கணக்கு அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மூன்று மாதத்தில் கிழிகிற துணி, அங்கே ஏழு வருஷமாக ஏன் கிழியவில்லை? தையலால் இல்லையென்றால் வேறு எதனால்? ஊரில் அத்தனை பிள்ளைகளும் ஏழு வருஷமாக எங்கேதான் இருந்தார்கள்? விடை அவருடைய கடையிலேயே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தமிழ்மொழி வராந்தா விளிம்பில் நின்றிருந்தாள். கீழே தரை ஒன்றரை அடிதான். "குதி, ஒண்ணும் ஆவாது" என்று ஒரு மலைப் பிள்ளை கூப்பிட்டது. குதிக்கவில்லை. சுவரைப் பிடித்துப் படி வழியாக இறங்கி, சரிவுப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். ஒரு வேர் காலைத் தடுக்கியது.

அவள் விழுந்த விதத்தைத்தான் கொளஞ்சியப்பனால் இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியவில்லை. சுவரில் சாத்திய பலகை சரிவதுபோல் நேராகச் சரிந்தாள். இரண்டு கையும் பக்கத்திலேயே இருந்தன. மோவாய்தான் முதலில் தரையில் பட்டது.

சரிவில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் நின்றுவிட்டன. ரத்தத்துக்காக இல்லை. ரத்தம் அவர்களுக்குப் பழக்கம். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து தேவிப்ரியாவின் புடவையைப் பிடித்து இழுத்து, கண்ணை அகல விரித்துக் கேட்டது: "டீச்சர், அது ஏன் டீச்சர் கைய ஊனவே இல்ல?"

மலை ஆஸ்பத்திரியில் மோவாய்க்கு மூன்று தையல். தினம் மைல் கணக்கில் தைக்கிற மனிதர் அந்த மூன்றைப் பார்க்க மாட்டாமல் சுவர் பக்கம் திரும்பி நின்றார். நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "இங்கத்திப் புள்ளைங்க வுழுந்தா கையில அடிபட்டுக்கினு வரும், இல்லன்னா முட்டியில. மூஞ்சில வாங்கிக்கினு வர்றதெல்லாம் கீழ இருந்து வர்றதுதான். வெளாடவே வுடறதில்லியா சார்?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஊசியை எடுத்து வைத்தபடி சாதாரணமாகத்தான் கேட்டாள். கை ஊன்றுவது ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க முடியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத காரியம் இல்லையா அது! மகளின் கை, கால், இடுப்பு, மார்பு எல்லா அளவும் அரை அங்குலம் பிசகாமல் அவருக்குத் தெரியும். அந்தக் கை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது பத்து வருஷமாகத் தெரியாது.

திங்கட்கிழமை வாசலில் தொங்கிய டிராக் பேண்ட்டைக் கழற்றி மடித்து மேசைக்கு அடியில் போட்டார். இடுப்பைப் பிரிக்க வந்திருந்த பேண்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முட்டியையும் உட்காரும் இடத்தையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். முட்டி புதுசாகவே இருந்தது, உட்காரும் இடம்தான் நைந்திருந்தது. தைத்த துணியை வாங்க வந்த ஒரு தாயிடம் கேட்டே விட்டார்: "எம்மா, உன் புள்ள வுழுந்தா கைய ஊனுவானா?"

"என் புள்ள ஏங்க வுழப் போறான்?" என்று அந்தம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். டைலருக்கு மண்டையில் ஏதோ ஆகிவிட்டது என்று தெருவில் பேச்சு.

வீட்டில் ஜீவா வேறு மாதிரி அதிர்ந்து போயிருந்தாள். மகளின் மோவாய்க் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கியது. "இனிமே வூட்ட வுட்டு எறக்க மாட்டேன். இன்னொரு தடவ வுழுந்தா பல்லு போவும், கண்ணு போவும்."

"இன்னொரு தடவ வுழணும் ஜீவா."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"வுழத் தெரியல அவளுக்கு. பத்து வயசுலயும் தெரியலன்னா எப்பத் தெரியும்? நாளைக்கு ஒரு படியில தடுக்குனா மண்டையில இல்ல படும்?"

"எங்க வெளாட சொல்ற? கீழ எறங்குனா வேனு. எதுர்ல டிரான்ஸ்பார்மரு. கீழ் வூட்டு நாயி. எங்க வுடுவ, சொல்லு."

அந்தத் தெருவில் அப்படி ஓர் இடம் இல்லை. இருந்தாலும் அடுத்த ஞாயிறு காலை கடையைச் சாத்திவிட்டு, மகளை வண்டியில் வைத்துக்கொண்டு கோமுகி ஆற்றங்கரைக்குப் போனார். ஒரு மணல் மேடு, மனிதர் உயரம்கூட இல்லை. தமிழ்மொழி செருப்பைக் கழற்றமாட்டேன் என்றாள். கழற்றியதும், "ப்பா, குத்துது" என்று அழுதாள். அன்றைக்கு அவள் நடந்தது பத்தடி. அதையும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடத்தினார். இரண்டாவது ஞாயிறு மேட்டின் பாதி வரை ஏறி, இறங்கத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஜீவா சாயங்காலம் மகளை உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதித்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

மூன்றாவது ஞாயிறு அவள் தானாக உச்சிக்குப் போனாள். போய் நின்று, கீழே இருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, ஓடி இறங்க ஆரம்பித்தாள்.

பாதியில் கால் பின்னிக்கொண்டது. கொளஞ்சியப்பனின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே முன்னால் நீண்டுவிட்டன. நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். அவர் ஓடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்து, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொத்தென்று விழுந்தாள். பிறகு முகத்தைத் தூக்கினாள். முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து, மணல் ஒட்டி, புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்திருந்தது. அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தட்டுத் தடுமாறி ஓடிப்போய் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துத் தூக்கினார். கொஞ்ச தூரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஆற்றில் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார். மகளை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"பாருங்க. இத பாருங்க" என்றார்.

அந்த மனிதர் பதறிப்போய் வாளியைக் கீழே வைத்தார். "அடடா, ரத்தம் வருதே, தண்ணியில கழுவுங்க!"

கொளஞ்சியப்பன் கழுவவில்லை. மகளின் இரண்டு உள்ளங்கைகளையும் அந்த ஆளின் கண்ணுக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.